வீரய்யாவுக்கும் செங்கமலத்துக்கும் நடுவில் ஒரு கடா

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வீரய்யாவைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், கேட்காதவர்கள் இருக்க முடியாது. சமஸ்தானம் போய் இந்திய சர்க்கார் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. ஓடினதெல்லாம் தனியார் பஸ். ஆளைக் கூவிக் கூப்பிட்டு ஏற்றிவிட ஒவ்வொரு முதலாளியும் ஸ்டாண்டில் ஓர் ஏஜெண்டை வைத்திருப்பார். அப்படி ஒரு முதலாளிக்கு வீரய்யா ஏஜெண்டாக இருந்தார். "அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல்! ஏறு ஏறு ஏறு!" என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கும். ஊருக்கே போக நினைக்காதவன்கூட பயந்துபோய் ஏறி உட்கார்ந்துவிடுவான்.

எங்கே போகிறீர்கள் என்று அவர் யாரையும் கேட்டதே இல்லை. ஏன் கேட்க வேண்டும்? கையில் இருக்கும் சாமானைப் பார்த்தால் தெரியாதா? கால் கட்டிய கோழியா, சந்தை. தேங்காய் பழத் தட்டா, கோயில். கக்கத்தில் காகிதக் கட்டும் முகத்தில் எரிச்சலுமா, கோர்ட்டு. காலிப் பையா, சந்தேகமே இல்லை, மீமிசலுக்குக் கருவாடு வாங்கப் போகிற ஆள். வந்தவர் வாயைத் திறந்து "அண்ணே, நான்..." என்று ஆரம்பிக்கும்போதே "தெரியும், தெரியும்" என்று தோளைப் பிடித்துத் தள்ளி ஏற்றிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவதற்குள் அடுத்த பஸ் கிளம்பியிருக்கும், அந்தச் சத்தத்தில் அவர்கள் திட்டுவது யாருக்குக் கேட்கப்போகிறது?

வீட்டிலும் இதே பாடுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. மனைவி செங்கமலம் "ஏங்க, நாளைக்கு..." என்று ஆரம்பித்தால் "தெரியும், தெரியும், அரிசி" என்பார். அவள் சொல்ல வந்தது அரிசியாகவே இருந்தாலும் முகம் வாடிவிடும். கல்யாணமாகி எட்டு வருஷம். பாவம், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்த சுகத்தை அவள் அந்த வீட்டில் கண்டதில்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு வைகாசி வெயிலில் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குக் கஷாயம் குடித்தார், சித்தரத்தையை மென்றார், கழுத்தைச் சுற்றி ஏதோ பற்றுப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முதலாளி வேறு ஆள் பார்க்கிறார் என்ற பேச்சும் காதில் விழுந்தது. செங்கமலம் பதறிப்போனாள். திருமயம் பக்கம் கருவேலம்பட்டியில் அவள் அப்பன் வீட்டுக் கருப்பருக்கு நேர்ந்துகொண்டாள். "இந்த மனுசன் தொண்டையத் தொறந்து விடு சாமி, வார மாசிக்கு ஒனக்குக் கடா வெட்டுறேன்."

கருப்பர் திறந்துவிட்டார். முன்னைவிட ஒரு பங்கு கூடுதலாகவே திறந்துவிட்டார். காதையும் சேர்த்துத் திறந்துவிடச் சொல்லி வேண்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. கறுப்பாக, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு கடாக்குட்டியைப் பிடித்து வந்து முற்றத்து முருங்கையில் கட்டினாள்.

ஆவணி பிறந்தது. செங்கமலத்தின் தங்கை மருதாயிக்குக் குளத்தூரில் ஒரு நல்ல இடம் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூடியிருப்பார்கள், பெண்ணைப் பெற்றவர் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பெற்றவர் அழகுமலை, வீரய்யாவின் மாமனார். தங்கமான மனுஷன். ஆனால் பேச்சைத் தொடங்குவதற்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். வெற்றிலையை ஒதுக்கி, தொண்டையைச் செருமி, "அதாவது..." என்று இழுத்துத்தான் விஷயத்துக்கு வருவார். அவர் கருவேலம்பட்டியிலிருந்து புதுக்கோட்டை வந்து இறங்கி, கடைத்தெருவில் பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு குளத்தூர் பஸ் ஏறலாம் என்று நின்றார். இன்னும் ஒன்றும் வாங்கவில்லை, கையில் காலிப் பை.

காலிப் பை! வீரய்யா பார்த்துவிட்டார்.

"வாங்க மாமா! சொல்லிவிட்டிருந்தா நானே வாங்கியாந்திருப்பேன்ல!"

"அதாவது மாப்பிள்ள..."

"தெரியும், தெரியும்! ஏறுங்க, பஸ் கெளம்புது!"

மாமனாரை அலாக்காகத் தூக்காத குறையாக மீமிசல் பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார். அதோடு விட்டாரா? கண்டக்டரைக் கூப்பிட்டு, "எங்க மாமா. வெளியூரு போய்ப் பழக்கமில்ல. நடுவுல எறங்குறேம்பாரு, எறங்க விட்டுறாத. மீமிசல்லதான் எறக்கணும்" என்று பொறுப்பாகச் சொல்லி அனுப்பினார். அழகுமலை அறந்தாங்கியில் எழுந்தார், கண்டக்டர் உட்காரவைத்தார். ஆவுடையார்கோயிலில் எழுந்தார், கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரவைத்தார்கள். அவர் "அதாவது தம்பி..." என்று தொடங்கி முடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது.

குளத்தூரில் மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெற்ற அப்பனே வராத சம்பந்தம் நமக்கு எதற்கு என்று எழுந்து போய்விட்டார்கள். அழகுமலை மறுநாள் பை நிறைய நெத்திலிக் கருவாட்டோடு மகள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமெல்லாம் படத் தெரியாத மனுஷன். "எம்மாந் தண்ணி ஆத்தா! எம்மாந் தண்ணி!" என்று மட்டும் சொன்னார்.

செங்கமலம் வீரய்யாவின் முன்னால் வந்து நின்றாள். "எங்கப்பன எங்கிட்டுப் போறீகன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒரே ஒரு வார்த்த! ஒங்ககிட்ட இனிமே நான்..."

"தெரியும், தெரியும், பேசமாட்டே" என்றார் வீரய்யா.

அடப்பாவி மனுஷா! அதையாவது அவளைச் சொல்ல விட்டிருக்கக் கூடாதா?

அவ்வளவுதான். அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்தினாள். ஆனாலும் ஒரு குடும்பம் என்றால் உப்புக்கும் புளிக்குமாவது பேசித்தானே ஆகவேண்டும்? முற்றத்துக் கடாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடாவே, சோறு ஆறுது. திங்கிறவங்க வந்து திங்கலாம்."

வீரய்யாவுக்கும் ரோஷம் உண்டு. அவரும் கடாவைப் பார்த்துக்கொண்டு, "கடாவே, கொழம்புல ஒறப்புத் தூக்கலா இருக்குன்னு சொல்லு" என்றார்.

"கடாவே, ஒறப்பு இனிமே அப்படித்தான் இருக்கும்னு சொல்லு."

கடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தது. பேச்சு முடிந்ததும் இருவரில் யாராவது ஒருவர் அதன் வாயில் ஓர் அகத்திக் கொத்தைச் செருகினார்கள். நல்ல வேலையாக இருக்கிறதே என்று அது சீக்கிரமே கற்றுக்கொண்டது. யாராவது தன் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் நாலு காலையும் ஊன்றி, காதை விறைத்துக்கொண்டு, ஈ மொய்த்தாலும் உடம்பை அசைக்காமல் நிற்கும். பேசி முடித்து அந்தப் பக்கம் திரும்பினால்தான் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அகத்திக்கு வாயைத் திறக்கும். அந்தச் சந்தில் அவ்வளவு பொறுமையாகப் பேச்சுக் கேட்கிற ஆள் வேறு கிடையாது.

இதில் வீரய்யாவுக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. செங்கமலம் கடாவிடம் பேசும்போது அவர் நடுவில் புக முடியவில்லை. "தெரியும்" என்று சொன்னால் அவள் பேசினதற்கு இவர் நேராகப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும், தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சின் பின்பாதியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

கேட்கக் கேட்க மனுஷனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "கடாவே, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை மரிக்கொழுந்து வாங்கியாராங்களே, அந்த வாசத்துக்கு எனக்கு மண்டை பொளந்துபோகுது. மொத வாரமே சொல்ல வந்தேன், புடிக்கும்னு தெரியும்னுட்டாங்க." எட்டு வருஷ மரிக்கொழுந்து! இன்னொரு நாள், "கடாவே, அவங்க வர நேரமானா எனக்குப் பயமா இருக்கு. பஸ்ஸு பஸ்ஸா ஓடித் தொத்துறாங்களே, கால் தவறிட்டா என்ன செய்வேன்? இத எப்பச் சொல்ல வந்தாலும், தெரியும், பசிக்குது, சோத்தப் போடுன்னுதான் முடியும்." அதற்கு அடுத்த நாள், "கடாவே, என் பேச்சுல மீதிப் பாதியெல்லாம் வயித்துக்குள்ளயே கெடக்கு. நீயாச்சும் கேளு" என்றாள். வீரய்யா அன்று குழம்பின் உறைப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் கொண்டுவந்து போட்ட அகத்திக்கட்டை கடா அடுத்த நாள்வரை வைத்துத் தின்றது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மரிக்கொழுந்து வரவில்லை. காராச்சேவு வந்தது. பொட்டலத்தைக் கடாவின் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் தோட்டப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது பொட்டலம் காலியாக இருந்தது, செங்கமலத்தின் உதட்டோரத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் ஆள் மாறிப்போனார். கால் கட்டிய கோழியோடு வந்த ஒரு பெண்ணைத் தள்ளப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "எங்கிட்டு ஆத்தா போகணும்?" என்று கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிற அக்காவுக்குச் சாறு வைத்துக் கொடுக்கப் போகிறாளாம். வீரய்யா ஆடிப்போய்விட்டார். இத்தனை வருஷமாக எத்தனை கோழிகளைச் சந்தைக்கு அனுப்பியிருப்போம் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தார், விரல் போதவில்லை.

தை போய் மாசி வந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. நேர்ந்த கடாவை வெட்டித்தான் ஆகவேண்டும், சாமி குத்தம் ஆகிவிடும். வெட்டிவிட்டால் அப்புறம் யாரிடம் பேசுவது? வீரய்யா முருங்கை மரத்தைப் பார்த்தார், மரம் மரமாகத்தான் நின்றது. கடா போன மறுநாளே அந்த வீடு ஊமையாகிவிடும், அவள் வயிற்றில் கிடக்கிற மீதிப் பாதியை இனி எந்த ஜன்மத்திலும் கேட்க முடியாது. செங்கமலமும் அதையேதான் நினைக்கிறாள் என்பது அவள் கடாவைத் தடவுகிற தடவலில் தெரிந்தது. ஆனால் உன்னை வெட்டப் போகிறார்களே என்று அந்தக் கடாவிடமே எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் சொல்லவில்லை.

கருவேலம்பட்டியில் கருப்பர் கோயில் பொட்டல் நிறையச் சொந்தக்காரர்கள். அழகுமலையின் அக்கா ராக்காயி விடியற்காலையிலேயே மசாலாவை அரைத்து உருட்டி, அடுப்பில் அண்டாவையும் ஏற்றிவிட்டாள். பூசாரி வெள்ளைச்சாமி கடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அள்ளித் தலையிலும் முதுகிலும் தெளித்தார். நனைந்த கடா உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். குலுக்கினால்தான் வெட்டுவார்கள்.

பூசாரி கடாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "உத்தரவு குடுப்பா கருப்பா!"

அடடா, நம்மிடம் பேசுகிறார்களே! கடா நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. காதை விறைத்தது. மூக்கு நுனியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது, அது கண்ணைக்கூடக் கொட்டவில்லை.

இன்னொரு செம்பு தெளித்தார்கள். "குலுக்குப்பா! குலுக்கு சாமி!" என்று ஆளாளுக்குக் கடாவிடம் கெஞ்சினார்கள். கெஞ்சக் கெஞ்ச அது இன்னும் மரியாதையாகக் கேட்டது. ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்கள். முழுக்க நனைந்து நின்று, அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"என் ஆயுசுக்கு இப்படி ஒரு கடாவப் பாத்ததில்ல" என்றார் பூசாரி. அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "நேந்துக்கிட்ட வீட்டாளுக மனசுல ஏதோ அடைச்சுக் கெடக்கு. வாயத் தொறந்து சொல்லிருங்க. சொல்லாம உத்தரவு வராது."

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, அடுப்பு எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கு!" என்று ராக்காயி கத்தினாள்.

ஊரே வீரய்யாவைப் பார்த்தது. அவர் கடாவின் முன்னால் போய் நின்றார். "கடாவே..." என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். கூட்டத்தில் கையில் பையோடு அழகுமலை நின்றுகொண்டிருந்தார். வீரய்யா நேராக அவரிடம் போனார். பஸ் ஸ்டாண்டையே கிடுகிடுக்க வைத்த குரல் இப்போது பக்கத்தில் நின்றவருக்குத்தான் கேட்டது.

"மாமா, அன்னைக்கு நீங்க எங்கிட்டுப் போகணும்னு சொல்ல வந்தீங்க?"

அழகுமலை வெற்றிலையை ஒதுக்கினார். தொண்டையைச் செருமினார். "அதாவது மாப்பிள்ள..."

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அழகுமலை அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காலையில் எழுந்தது, வேட்டியை உதறிக் கட்டினது, வழியில் செருப்பு வார் அறுந்தது என்று ஒன்று விடாமல் தொடங்கினார். வீரய்யாவின் நாக்கு நுனிவரை "தெரியும்" வந்தது, விழுங்கினார். செருப்பு தைத்த கதையின் நடுவில் மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினார். அப்படியே பழக்கடை, வெற்றிலைக்கடை எல்லாம் வழியில் வந்து, அழகுமலை கடைசியில் குளத்தூருக்கு வந்து சேர்ந்தார்.

"...கொளத்தூரு பஸ்ஸு எதுன்னு கேக்கத்தான் மாப்பிள்ள ஒங்ககிட்ட வந்தேன். அந்த எடம் போனா என்ன, மருதாயிக்கு அதவிட நல்ல எடமா கீரனூர்ல அமைஞ்சிருச்சு. அதுல வருத்தமில்ல. ஊரையெல்லாம் ஏத்தி விடுறவரு, நம்மள ஒரு வார்த்த கேக்கலயேன்னுதான் மாப்பிள்ள இருந்துச்சு." அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இப்பக் கேட்டீங்க பாருங்க, அது போதும்."

"தப்புத்தான் மாமா" என்றார் வீரய்யா. அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்படியே செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். நடுவில் கடா நின்றது. அவர் கடாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"நீ என்ன சொல்ல நெனைக்கிறே செங்கமலம்?"

அவள் வாய் திறந்தது, மூடியது. பழக்கதோஷத்தில் கண் கடாவின் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு அவரை நேராகப் பார்த்தாள். "ஏங்க, இந்தக் கடாவ..."

"தெரி..." என்று வாய்வரை வந்துவிட்டது. வீரய்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கருவேலம்பட்டி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"...இந்தக் கடாவ வெட்ட வேண்டாங்க. அது போயிட்டா நீங்க நான் பேசுறதக் கேக்கமாட்டீங்க."

"கேப்பேன் செங்கமலம். சத்தியமாக் கேப்பேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடாவிடம் யாரும் பேசவில்லை. பேச்சு முடிந்துவிட்டது போலிருக்கிறது, இனி அகத்திதான் பாக்கி என்று அது தலையிலிருந்து வால்வரை உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது பாருங்கள், பூசாரி, ராக்காயி, அரைத்து வைத்த மசாலா எல்லாம் நனைந்துபோயின.

"உத்தரவு கெடச்சிருச்சு!" என்று ஊர் ஆர்ப்பரித்தது. யாரோ அரிவாளை எடுத்து நீட்டினார்கள். செங்கமலம் ஓடிப்போய்க் கடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளைச்சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "பொறுங்கப்பா. வெட்டவான்னு இத்தன நேரம் கேட்டதுக்குக் குலுக்கல. இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னதுக்குத்தான் குலுக்கியிருக்கு. கருப்பரு அவ பேச்சுக்குத்தான் சரின்னுட்டாரு."

"அப்ப கொழம்பு?" என்றாள் ராக்காயி. அவள் கேட்டதில் என்ன தப்பு? ஊரே பசியில் இருந்தது.

அழகுமலை தொண்டையைச் செருமினார். "அதாவது..." என்று பையைத் தூக்கிக் காட்டினார். கடலைப் பார்த்த நாளிலிருந்து மனுஷன் மாசம் தவறாமல் மீமிசல் போய் வந்துகொண்டிருந்தார், நேற்றும் போயிருந்தார். கறிக்கு அரைத்த மசாலாவில் அன்று கருவாடு கொதித்தது. ராக்காயி முணுமுணுத்துக்கொண்டே கிளறினாள், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

பொழுது இறங்குமுன் வீரய்யாவும் செங்கமலமும் கடாவோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். கடா காலடியில் படுத்துத் தூங்கிவிட்டது. "ஏங்க" என்றாள் செங்கமலம். "சொல்லு" என்றார். "நெறைய இருக்குதுங்க. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." வீரய்யா அவள் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "மொதல்ல இருந்து ஆரம்பி. கல்யாணத்தன்னிக்கிலேருந்து."

அவள் ஆரம்பித்தாள். தாலி கட்டும்போது அவர் காலை மிதித்ததிலிருந்து ஆரம்பித்தாள். முதல் தீபாவளி வந்தது, மாமியார் வந்தாள், மரிக்கொழுந்து வந்தது. அழுதாள், அழுகைக்கு நடுவில் சிரித்தாள். வீரய்யா ம் கொட்டினார், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடையில் பஸ் எங்கேயோ ரொம்ப நேரம் நின்றதும், ஜன்னலுக்கு வெளியே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினதும் அவருக்குக் கனவு மாதிரி நினைவிருந்தது. யாருடா இவன், மனுஷனைப் பேச்சுக் கேட்க விடாமல் என்று எரிச்சல்கூட வந்தது.

கடைசியில் பஸ் நின்று சத்தம் அடங்கியது. கண்டக்டர் வந்து வீரய்யாவின் தோளைத் தட்டினான்.

"ஏஜெண்டண்ணே, என்னண்ணே நீங்களே இப்படி? புதுக்கோட்டை தாண்டி எம்புட்டு நேரமாச்சு. இது கொளத்தூரு, கடைசி ஸ்டாப். எறங்குங்க."

வீரய்யா வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு செங்கமலத்தைப் பார்த்தார். அவள் ஐந்தாம் வருஷத்துப் பொங்கலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எறங்கலாம், இருப்பா" என்றார் கண்டக்டரிடம். "அவ சொல்லி முடிக்கட்டும்."